கோம்போ மூட்டையில் காய்கறி ஏன் இல்லை?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கிறோம். ஆயாவுக்கு (பாட்டிக்கு) முதியோர் பென்ஷன் வருகிறது, அக்கா பிள்ளைகள் இருவருக்கும் குழந்தை உதவித்தொகை. மாதம் பிறந்ததும் வீட்டுக்கு வந்து இறங்குவது வெள்ளை அரிசி, மாவு, எண்ணெய், சர்க்கரை, இரண்டு லிட்டர் குளிர்பானம். ஆயாவுக்குச் சர்க்கரை நோய். எவ்வளவு சொன்னாலும் "ஸ்பெஷலில் (தள்ளுபடியில்) போட்டிருந்தான்" என்கிறார். சூப்பர்மார்க்கெட் விளம்பரம் ஏழைகளின் சாப்பாட்டை உண்மையிலேயே இந்த அளவுக்கு மாற்றுமா? இல்லை, நம்மவர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லையா?

பதில்:

மாற்றுகிறது, நிறையவே மாற்றுகிறது. விழிப்புணர்வு போதவில்லை என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளில் உணவையும் சர்க்கரை நோயையும் பற்றிப் பேசுவது பல ஆண்டுகளாக என் வேலை. குறைந்த பணத்தில் மாதச் சாமான் வாங்கும் பெண்களைப்போல விலையை நுணுக்கமாகப் பார்க்கிறவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. எந்தக் கடையில் பத்து கிலோ அரிசி என்ன விலை, போன மாதம் என்ன விலை என்று தாளைப் பார்க்காமலே சொல்வார்கள். கடைக்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். அவர்களுடைய விற்பனைத் திட்டமே அந்தக் கணக்கின்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

ஒரு சூப்பர்மார்க்கெட்டில் ஆயிரக்கணக்கான பொருள்கள் இருக்கும். அவற்றில் விலை நினைவில் நிற்பது பத்துப் பதினைந்துதான்: அரிசி, மீலி மீல் (மக்காச்சோள மாவு), மாவு, எண்ணெய், சர்க்கரை, ரொட்டி, பால், டீத்தூள், உறைந்த கோழித் துண்டுகள். கடை மலிவா இல்லையா என்பதை மக்கள் இந்தச் சில விலைகளை வைத்தே முடிவு செய்கிறார்கள். அதனால் கடை இவற்றில் லாபத்தைக் குறைத்துக்கொள்கிறது, சிலவற்றை நட்டத்துக்கும் விற்கிறது. இவற்றுக்காக உள்ளே வந்தவர் கூடவே எடுக்கும் பிஸ்கட், சிப்ஸ், பொலோனி என்ற மலிவான இறைச்சித் தொத்திறைச்சி, சோப்பு ஆகியவற்றில் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். ஆயா மலிவானதை மலிவென்று சரியாகத்தான் கண்டுபிடித்தார். எது மலிவாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது வேறு ஒருவர்.

மாதத்தின் முதல் வாரம் உள்ளூர்ப் பத்திரிகைக்குள் மடித்து வரும் துண்டறிக்கைகளின் முதல் பக்கத்தைப் பாருங்கள். பத்து கிலோ அரிசி, பத்து கிலோ மீலி மீல், மாவு, இரண்டு லிட்டர் எண்ணெய், இரண்டரை கிலோ சர்க்கரை, எல்லாம் சேர்த்து ஒரே விலை. இதுதான் கோம்போ. பண்டிகை நெருங்கினால் இதோடு கண்டென்ஸ்டு மில்க்கும் சேரும். முட்டைக்கோஸும் பூசணியும் கேரட்டும் வைத்த கோம்போ முதல் பக்கத்தில் வருவது அபூர்வம். வந்தாலும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் மட்டும் இருக்கும்.

ஏன்? காய்கறி வாடும், விலை நாளுக்கு நாள் மாறும், முன்கூட்டி அச்சடிக்கும் தாளில் அதன் விலையைப் போடுவது கடைக்கு ஆபத்து. இது உண்மைதான், ஆனால் சின்னக் காரணம். பெரிய காரணம், துண்டறிக்கையில் ஒரு கட்டமும் சும்மா கிடைப்பதில்லை என்பது. கண்மட்டத்தில் இருக்கும் அலமாரித் தட்டு, வரிசையின் முனையில் மலைபோல் குவித்து வைக்கும் இடம், பில் போடும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள சின்ன அடுக்கு, இவற்றுக்காகப் பொருளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் பணமாகவோ கூடுதல் தள்ளுபடியாகவோ கடைக்குக் கொடுக்கின்றன. குளிர்பானக் கம்பெனி தன் குளிர்சாதனப் பெட்டியையே கொண்டுவந்து வைத்துவிடும். கீரையும் அவரையும் பயிரிடும் விவசாயிக்கு விளம்பரச் செலவு என்று ஒரு கணக்கே கிடையாது. பெரிய பையில் அடைத்துப் பல மாதம் கெடாமல் வைக்கக்கூடியதற்கு மட்டுமே முதல் பக்கத்தில் இடம் பிடிக்கும் வசதி இருக்கிறது. அந்தப் பக்கம்தான் ஏழை வீட்டின் மாதச் சமையலைத் தீர்மானிக்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பொருளாதார நீதி மற்றும் கண்ணியக் குழு என்ற அமைப்பு ஒவ்வொரு மாதமும் 44 உணவுப் பொருள்களின் விலையைத் திரட்டி வெளியிடுகிறது. விலை எடுப்பவர்கள் அந்தந்தப் பகுதிகளில் வாழும் பெண்களே. அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இது: மீலி மீல், அரிசி, மாவு, எண்ணெய், சர்க்கரை, பீன்ஸ், உப்பு, உருளை, வெங்காயம் போன்ற அடிப்படைச் சாமான்களைத்தான் தாய்மார்கள் முதலில் வாங்குகிறார்கள், ஏனென்றால் அவை வயிற்றை நிரப்பும், அவை இல்லாமல் எதையும் சமைக்க முடியாது. மிச்சமிருக்கும் பணத்தில்தான் முட்டை, பால், பழம், கீரை. மிச்சமில்லை என்றால் அவையும் இல்லை. முதலில் வாங்கும் அந்தப் பட்டியலில் கறிப்பொடியும் இருக்கிறது. 1860இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் சமையல் இந்த குவாசூலு-நட்டால் மாகாணத்தின் எல்லா அடுப்புகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் காயும் கறியும் குறைந்துபோன சோற்றை உள்ளே இறக்க அந்தப் பொடி உதவுகிறது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

தள்ளுபடியும் இந்த வரிசையை அப்படியே பின்பற்றுவதால், பசிக்கு வேண்டியது இன்னும் மலிவாகிறது, உடம்புக்கு வேண்டியது எட்டாத இடத்திலேயே இருக்கிறது. மேற்கு கேப் மாகாணத்தின் சிற்றூர்களில் கடை விலைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. வழக்கமான உணவுக்குப் பதில் ஆரோக்கியமான உணவை உண்ண 69 சதவீதம் கூடுதலாகச் செலவாகும் என்று அது கணக்கிட்டது. 2024இல் ஓர் ஆளுக்கு உணவு வறுமைக் கோடு என்று அரசின் புள்ளியியல் துறை வகுத்தது மாதம் 796 ராண்ட். அதே ஆண்டில் குழந்தை உதவித்தொகை 530 ராண்ட். இந்த இடைவெளியில் நின்றுகொண்டு உங்கள் அக்கா காய்கறி வாங்கவில்லை என்று யாரும் குறை சொல்லக்கூடாது.

பணம் எந்த நாளில், எந்த இடத்தில் கைக்கு வருகிறது என்பதும் முக்கியம். உதவித்தொகைகள் மாதத்தின் முதல் வாரத்தில் அடுத்தடுத்த நாட்களில் போடப்படுகின்றன: முதலில் முதியோருக்கு, பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கு, மூன்றாவதாகக் குழந்தைகளுக்கு. சூப்பர்மார்க்கெட்டில் பில் போடும் இடத்திலேயே அந்தப் பணத்தை எடுக்கலாம். வயதானவர்களுக்கு இது பெரிய நிம்மதி; வெயிலில் வரிசை நின்ற பழைய பென்ஷன் நாட்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஒரு மாதத்துக்கான பணம் முழுவதும் கடைக்குள்ளேயே கையில் வருகிறது. ஸ்பெஷல் தொடங்கும் நாளும் அதுவே. போக வர டாக்ஸிக் கட்டணம் இருப்பதால் இன்னொரு கடைக்குப் போய் ஒப்பிட முடியாது. அன்று வாங்குவதெல்லாம் மாதக் கடைசிவரை கெடாமலும் இருக்க வேண்டும். வாடும் பொருள் எதற்கும் அந்தக் கூடையில் இடமில்லாமல் போவது இப்படித்தான்.

நம் சமூகத்தில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒப்பந்தம் முடிந்த கூலித் தொழிலாளர்களில் பலர் டர்பனைச் சுற்றித் தோட்டம் போட்டார்கள். கேட்டோ மேனரிலும் கிளேர்வுட்டிலும் விளைந்த கீரையும் கத்தரியும் மிளகாயும்தான் இந்த நகரத்துக்குச் சோறு போட்டன. 1910இல் வார்விக் பகுதியில் இந்தியர் சந்தை எழுந்ததும் அந்தத் தோட்டக்காரர்களால்தான். பிறகு எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டம் வந்தது. நிலம் போயிற்று, 1960களில் சாட்ஸ்வொர்த்தின் சின்ன வீடுகளுக்கு மக்கள் பெயர்க்கப்பட்டார்கள். கொல்லையில் நாலு முருங்கையும் கறிவேப்பிலையும் வைக்க முடிந்தவர்கள் வைத்தார்கள். காய்கறி அன்றுமுதல் காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது.

அந்த வார்விக் சந்தையையும் 2009இல் இடித்துவிட்டு மால் கட்ட நகராட்சி திட்டமிட்டது. வியாபாரிகளும் அவர்களோடு நின்றவர்களும் போராடித் தடுத்தார்கள். மால் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த பத்தாண்டிலேயே சான்று கிடைத்தது. 2019 நவம்பரில், வணிகத்தில் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான போட்டி ஆணையம் மளிகைச் சில்லறை வணிகம் பற்றிய தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் மாலில் இடம் எடுக்கும்போதே, போட்டியான கடைகளுக்கு இடம் தரக்கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவந்தன என்றும், சிறிய மளிகைக் கடைகளும் கசாப்புக் கடைகளும் காய்கறிக் கடைகளும் இதனால் வெளியே நிறுத்தப்பட்டன என்றும் அது கண்டது. அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லி ஆணையம் பரிந்துரைத்தது. விளம்பரம் என்றால் தாளும் தொலைக்காட்சியும் மட்டும் என்று நினைக்கிறோம். பக்கத்தில் வேறு கடையே இல்லாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும்விட வலுவான விற்பனை உத்தி.

கடைக்குள் நடப்பவற்றில் பலவும் உங்களுக்கே தெரிந்திருக்கும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இனிப்பு பிள்ளைகளின் கண்ணுயரத்தில் இருக்கும். கடையின் சொந்தப் பெயரில் வரும் மலிவான பொருள் பெரும்பாலும் கீழ்த்தட்டில் இருக்கும், குனிந்துதான் எடுக்க வேண்டும். விலைச்சீட்டின் நிறத்தைப் பார்த்ததுமே தள்ளுபடி என்று மனம் நம்பிவிடும், அதிலுள்ள எண் பழைய விலையாகவே இருந்தாலும். "ஒருவருக்கு நான்கு மட்டும்" என்று எழுதினால் ஒன்று வாங்க வந்தவர் மூன்று எடுப்பார்.

இரண்டு பொருள்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை ஏழை வீட்டுப் புரதத்தைத் தொடுகின்றன. முதலாவது, இரண்டு கிலோ உறைந்த கோழித் துண்டுப் பை. கோழிக்குள் உப்புநீர் ஏற்றுவதற்கு 2016 அக்டோபரில்தான் உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது: துண்டுகளுக்கு 15 சதவீதம், முழுக் கோழிக்கு 10 சதவீதம். அதாவது சட்டப்படி சரியாக இருக்கும் இரண்டு கிலோப் பையிலும் ஏறக்குறைய 300 கிராம் வரை உப்புநீராக இருக்கலாம். பையின் பின்புறம் அந்தச் சதவீதம் சின்ன எழுத்தில் இருக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டாவது, டீயில் கலக்கும் கிரீமர். பால்பவுடருக்குப் பக்கத்திலேயே, அதேபோன்ற டப்பாவில், அதே வெள்ளை நிறத்தில் இருக்கும், விலையும் குறைவு. பெரும்பாலானவற்றில் இருப்பது குளுக்கோஸ் பாகும் தாவரக் கொழுப்பும். பால் என்று நினைத்து அதைக் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாயைக் கோபிக்க என்னால் முடியவில்லை. இரண்டையும் அருகருகே அடுக்கியவரைத்தான் கேட்க வேண்டும்.

விலையையும் சலுகையையும் மாற்றினால் சாப்பாடு மாறுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இந்த நாட்டிலேயே இரண்டு நல்ல சான்றுகள் இருக்கின்றன. ஒரு பெரிய மருத்துவக் காப்பீட்டுக் குழுமம் 2009இல் தன் உறுப்பினர்களுக்கு ஒரு திட்டம் தொடங்கியது: குறிப்பிட்ட சூப்பர்மார்க்கெட்டில் காய்கறி, பழம், முழுதானியம் போன்றவற்றை வாங்கினால் 25 சதவீதம்வரை பணம் திரும்ப வரும். ஆய்வாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் பில்களைப் பார்த்தார்கள். 10 சதவீதம் திரும்பக் கிடைத்தபோது மொத்த உணவுச் செலவில் நல்ல உணவின் பங்கு 6 சதவீதமும், 25 சதவீதம் கிடைத்தபோது 9.3 சதவீதமும் கூடியது. சலுகை வேலை செய்கிறது! ஆனால் அது போய்ச் சேர்ந்தது மருத்துவக் காப்பீடு கட்ட முடிந்தவர்களுக்கு. அரசு மருத்துவமனையில் விடியற்காலையிலிருந்து வரிசையில் உட்காரும் ஆயாவுக்கு அதே கடை கொடுக்கும் சலுகை சர்க்கரை மூட்டையின்மேல். இதைவிட நியாயமற்ற ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சான்று சர்க்கரை வரி. 2018 ஏப்ரல் 1 முதல் குளிர்பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 4 கிராமுக்கு மேலுள்ள ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் 2.1 சென்ட் வரி வந்தது. அடுத்த ஆண்டு அது 2.21 ஆனது. கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்தன, மக்களும் குறைவாக வாங்கினார்கள். வரிக்குட்பட்ட பானங்களிலிருந்து ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வந்த சர்க்கரை 16.25 கிராமிலிருந்து 10.63 கிராமாக இறங்கியது என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. வசதி குறைந்த வீடுகளில் இறக்கம் அதிகம். வேறு நல்ல எடுத்துக்காட்டும் உண்டு: ஷாப்ரைட் சூப்பர்மார்க்கெட் 2016இல் தொடங்கிப் பல ஆண்டுகள் தன் 600 கிராம் ரொட்டியை 5 ராண்டுக்கே விற்றுவந்தது. ஆளை உள்ளே இழுக்கத்தான் அது, சரி. ஆனாலும் பசித்தவர் கையில் ரொட்டி கிடைத்தது. அதே வழியில் பருப்பையும் முட்டையையும் ஏன் வைக்கக்கூடாது என்பதே என் கேள்வி.

வைக்க முடியும் என்பதைப் புரட்டாசி மாதம் காட்டுகிறது. நம் வீடுகள் கவுச்சி தொடாத அந்த மாதத்தில், நம்மவர்கள் வாழும் பகுதிகளில் துண்டறிக்கையே மாறிவிடுகிறது: பருப்பு, பட்டாணி, சோயா மின்ஸ், காய்கறி எல்லாம் முன்னால் வருகின்றன. வாங்குகிறவர்கள் சேர்ந்து ஒன்றைக் கேட்டால் கடைகள் கொடுக்கின்றன. தீபாவளி வந்ததும் முதல் பக்கம் மறுபடியும் எண்ணெய், மைதா, சர்க்கரைக்குத் திரும்பிவிடுகிறது.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஆயாவிடம் "இது வேண்டாம், அது வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். அவர் கணக்குப் பார்க்கிறவர், கணக்காகவே பேசுங்கள். முதலில், பென்ஷன் விழுந்த அன்றே முழுப் பணத்தையும் எடுக்க வேண்டியதில்லை. எடுக்காத பணம் கணக்கிலேயே இருக்கும், அடுத்த வாரமும் எடுக்கலாம். இதைத் தெரியாமல் பயந்து முழுவதையும் எடுப்பவர்கள் ஏராளம். கனமான சாமானை முதல் வாரம் வாங்கட்டும். ஒரு சிறு தொகையை விட்டுவைத்து, இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தெருவோரக் காய்கறிக்காரரிடம் வாங்கலாம். வார்விக் சந்தைக்கோ, வெள்ளி சனியில் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கோ பக்கத்து வீட்டார் யாராவது போனால் அவர்களிடம் பணம் கொடுத்துவிடுங்கள். நாலு வீடு சேர்ந்து ஒரு மூட்டை வெங்காயமோ ஒரு பெட்டித் தக்காளியோ வாங்கிப் பிரித்துக்கொள்வது இன்னும் மலிவு. ஸ்டோக்வெல் என்ற சேமிப்புக் குழுவில் சேர்ந்து ஆண்டுக் கடைசியில் மொத்தமாக வாங்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. காய்கறிக்கும் அதையே மாதாமாதம் செய்யலாம்.

வரி இல்லாத பொருள்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதம். பழுப்பு ரொட்டி, மீலி மீல், அரிசி, காய்ந்த பீன்ஸ், பருப்பு வகைகள், முட்டை, பால், பால்பவுடர், பில்சர்ட் டின் மீன், பழம், பச்சைக் காய்கறி, சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கு அந்த வரி இல்லை. வெள்ளை ரொட்டிக்கு உண்டு, கோழிக்கு உண்டு, டின்னில் அடைத்த பீன்ஸுக்கும் உண்டு. ஆயாவுக்கு நான் சொல்வது: கோம்போ வாங்கட்டும், ஆனால் சர்க்கரை இல்லாத கோம்போ, அல்லது அரிசியும் எண்ணெயும் மட்டும். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்தப் பாதியில் பருப்போ சுகர் பீன்ஸோ (காய்ந்த பீன்ஸில் ஒரு வகை, பெயரில்தான் சர்க்கரை) வைக்கட்டும். காய்ந்த பீன்ஸ் வேக மின்சாரம் செலவாகும் என்று பலர் தயங்குவது நியாயமே. இரவே ஊறவைத்து, பிரஷர் குக்கரில் இரண்டு வேளைக்கும் சேர்த்து வேகவைத்தால் அந்தச் செலவு தாங்கும். டின் மீன் குழம்பு வாரம் இரண்டு முறை வைத்தால் கோழிப் பையில் ஒன்றைக் குறைக்கலாம். அளவை மாற்றும்போது மாத்திரை அல்லது இன்சுலின் பற்றி கிளினிக் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்பானத்தை நிறுத்தச் சொன்னால் பிள்ளைகள் அழுவார்கள். வாரம் ஒரு நாள் என்று வையுங்கள். இரண்டு லிட்டர் பாட்டிலுக்குப் பதில் சின்னது வாங்குங்கள். லிட்டர் கணக்கில் அதன் விலை கூடுதல்தான், ஆனால் திறந்த பெரிய பாட்டில் ஒரே நாளில் காலியாகும். பெரிய பை எப்போதும் லாபம் என்ற கணக்கு அரிசிக்குப் பொருந்தும், இனிப்புக்குப் பொருந்தாது.

கடைசியாக, 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. ஒரு பொருளுக்கு இரண்டு விலை காட்டப்பட்டிருந்தால் குறைந்த விலையைத்தான் கொடுக்க வேண்டும். கவனக்குறைவால் வந்த வெளிப்படையான பிழையைக் கடை திருத்தி, வாங்குகிறவர்களுக்கு அறிவித்திருந்தால் விலக்கு உண்டு. அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்று வருவது மாத முதல் வாரக் கூட்டத்தில் சாதாரணமாக நடக்கிறது. துண்டறிக்கையைப் பையில் கொண்டுபோங்கள், ஸ்பெஷல் தேதியைப் பாருங்கள், பணம் கொடுக்கும் முன் திரையில் விலை ஏறுவதைக் கவனியுங்கள். மாறி வந்தால் மேலாளரைக் கூப்பிடச் சொல்லலாம். பின்னால் நீண்ட வரிசை நிற்கிறதே என்று ஆயா தயங்குவார். பில் போடும்போது நீங்களோ அக்காவோ கூட நில்லுங்கள்.